வீட்டுச் சுவருக்கு வர்ணம் பூசுதல்: திட்டும் தடமுமின்றி ஒரே சீராக அமைய வேண்டுமாயின்...

ஜேர்மனியில் வாடகை வீடொன்றை விட்டு வெளியேறும் எமது குடும்பங்களுக்குப் பொருள்களைக் கட்டுவதும் வாகனம் பிடிப்பதும் பெருஞ்சிரமங்கள் அல்ல. பெருஞ்சிரமம் வீட்டைக் கையளிக்கும் நாளிலேயே வருகின்றது. வீட்டு உரிமையாளரோ அவரது முகவரோ கையில் ஒரு படிவத்துடன் அறை அறையாக நடந்து, சுவர்களைப் பார்த்துக் குறிப்பெடுக்கும் அந்த அரைமணி நேரத்தில், மூன்று மாத வாடகை வரையிலான பிணைப்பணம் ஊசலாடிக்கொண்டிருக்கின்றது. குடிபுகும்போது சீட்டு எடுத்தும் கைமாற்று வாங்கியும் கட்டிய பணம் அது. அடுத்த வீட்டுக்கான பிணைப்பணத்தை அதனைக் கொண்டே கட்டலாம் என்று நம்பியிருப்போரே எம்மிற் பலர்.

இவ்வனுபவம் எமக்கும் உண்டு. 2016ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில், ஏழு ஆண்டுகள் வாழ்ந்த வீடொன்றை விட்டு வெளியேறினோம். வேலை முடிந்து வந்து, இரண்டே இரவுகளில், மின்குமிழ் வெளிச்சத்தில் முழு வீட்டுக்கும் வெள்ளை பூசி முடித்தோம். அங்காடியிலிருந்த வாளிகளுள் விலை குறைந்ததையே வாங்கியிருந்தோம். இரவிற் பார்த்தபோது சுவர் பால்போல் இருந்தது. மறுநாள் பிற்பகல் நான்கு மணிக்கு முகவர் வந்தார். யன்னல் வழியே சாய்ந்து விழுந்த வெயிலில் அதே சுவர், தென்னோலையின் நிழல் விழுந்ததுபோல் கோடு கோடாகத் தெரிந்தது. குசினியில் மறைத்துவிட்டோம் என்று நாம் எண்ணிய மஞ்சட் கறைகள் வெள்ளைக்கு மேலே மீண்டும் வந்து நின்றன. ஒரு மாத வாடகையிலும் அதிகமான தொகை பிணைப்பணத்திற் கழிக்கப்பட்டது.

பணத்தைக் காட்டிலும் எம்மை வருத்தியது வேறொன்று. நாம் அவ்வீட்டிற் குடிபுகுந்தபோதே சுவர்கள் முன்னைய குடியிருப்பாளரின் சிகரெற் புகை படிந்து பழுப்பேறி இருந்தன. அவ்வாறு வர்ணம் பூசப்படாத நிலையில், தகுந்த ஈடு எதுவுமின்றி ஒப்படைக்கப்பட்ட வீட்டுக்கு, அச்சிட்ட ஒப்பந்தத்தின் வாசகத்தைக் காட்டி வர்ணம் பூசும் கடமையைக் குடியிருப்பாளர்மீது சுமத்த முடியாது என்று கார்ல்ஸ்றூ நகரிலுள்ள கூட்டாட்சி நீதிமன்றம் 2015ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் தீர்ப்பளித்திருந்தது. சட்டம் தெரியாமையாற் பூசினோம்; பூசத் தெரியாமையாற் பணத்தையும் இழந்தோம்.

ஆயினும் எல்லாருடைய நிலையும் இதுவன்று. புதிதாக வர்ணம் பூசிய வீட்டைப் பெற்று, செல்லுபடியாகும் ஒப்பந்தத்திற் கையெழுத்திட்டவர் பூசித்தான் கொடுத்தல் வேண்டும். அவர் அதற்குத் தொழிலாளரை அமர்த்த வேண்டும் என்று உரிமையாளர் வற்புறுத்த முடியாது. தொழில் நிறுவனத்தைக் கொண்டே செய்விக்க வேண்டும் என்னும் வாசகம் செல்லாது என 2010ஆம் ஆண்டில் அதே நீதிமன்றம் கூறியுள்ளது. எமது கையாலேயே செய்யலாம். ஆனால் வேலை ஒழுங்கான வேலையாக இருத்தல் வேண்டும். திட்டுத் திட்டாகப் பூசிய சுவர் பூசாத சுவராகவே கொள்ளப்படும். சீராகப் பூசும் முறையை அறிந்திருப்பது எமது குடும்பங்களுக்கு அழகு பற்றிய விடயம் மட்டுமன்று என்பதனாலேயே இதனை எழுத முற்பட்டோம். மேற்சொன்ன இழப்பின் பின்னர் இரண்டு கோடைகாலங்கள், போலந்திலிருந்து வந்து இங்கு வர்ணம் பூசும் தொழில் செய்த முதியவர் ஒருவரிடம் கையாளாக நின்றோம். கீழே எழுதுவனவற்றிற் பெரும்பகுதி அவரிடம் கற்றதே.

சுண்ணாம்புப் பழக்கம்

எம்மவர் பலர் செய்யும் பிழை, ஊரிலிருந்து கொண்டுவந்த பழக்கத்தால் வருவது. யாழ்ப்பாணத்தில் தைப்பொங்கலுக்கு முன்னர் வெள்ளையடித்தது எமது தலைமுறைக்கு நினைவிருக்கும். நீற்றிய சுண்ணாம்பைக் கரைத்து, வடித்து, சிறிது நீலம் கலந்து, தும்புத் தூரிகையால் அடிப்போம். அடிக்கும்போது சுவர் நனைந்த சுவராகவே தெரியும். காய்ந்த பின்னரே வெண்மை எழும். விட்டுப்போன இடத்தில் மறுபடியும் ஒரு முறை இழுத்துவிட்டாற் போதும். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை உள்வாங்கி மீண்டும் கல்லாக இறுகுவதால், முன்னைய பூச்சும் பின்னைய பூச்சும் ஒன்றோடொன்று பிணைந்துகொள்ளும். தூரிகைத் தடமும் அச்சுவருக்கு ஒரு குறையாகத் தோன்றுவதில்லை.

இங்கு வாளியில் வரும் உட்சுவர் வர்ணம் வேறு பொருள். நீரிற் கலந்துள்ள நுண்ணிய பிளாஸ்ரிக் துகள்கள், நீர் ஆவியாகும்போது ஒன்றோடொன்று ஒட்டி ஒரு மெல்லிய தோலாகின்றன. அத்தோல் பாதி உருவாகியிருக்கும் வேளையில் அதன்மீது உருளையை மீண்டும் ஓட்டினால், தோல் கிழிந்து மேடாகின்றது. அந்த மேட்டைத்தான் வெயில் காட்டிக்கொடுக்கின்றது. "விட்டுப்போன இடத்தில் ஒருக்கால் இழுத்துவிடுவோம்" என்ற எமது பழைய கைப்பழக்கம் இங்கே கோட்டையும் திட்டையும் உண்டாக்குகின்றது. ஈரம் காயும் முன்னர் ஒரு சுவரை முழுமையாக முடிப்பது, முடித்த பின்னர் அதனைத் தொடாதிருப்பது: சீரான பூச்சின் இரகசியம் பெரும்பாலும் இவ்விரண்டிலும் அடங்கிவிடுகின்றது. மீதியெல்லாம் அதற்கு முன்னர் செய்ய வேண்டிய ஆயத்தம்.

வர்ணத்துக்கு முன்னர்

முதியவர் எந்த வீட்டுக்குச் சென்றாலும் முதலில் வாளியைத் திறப்பதில்லை. உள்ளங்கையாற் சுவரைத் தடவிப் பார்ப்பார். கையில் வெண்தூள் ஒட்டினால் பழைய பூச்சு உதிர்கின்றது என்று பொருள். பின்னர் ஒட்டு நாடாவின் ஒரு துண்டைச் சுவரில் அழுத்தி வெடுக்கென இழுப்பார். வர்ணம் அதனோடு கழன்று வந்தால், புதுப்பூச்சும் அவ்வாறே கழன்று வரும். பின்னர் சிறிது நீரைத் தெளிப்பார். நீர் உடனே உறிஞ்சப்பட்டுச் சுவர் கறுத்தால், அச்சுவர் வர்ணத்தின் நீரையும் அவ்வாறே குடித்துவிடும். அத்தகைய சுவருக்கு, இங்கு 'ரீஃப்குறுண்ட்' என்று விற்கப்படும், நீர்போன்ற அடிப்பூச்சு முதலிற் கொடுக்கப்பட வேண்டும். நீர் உறிஞ்சப்படாது முத்து முத்தாக நின்றால் அடிப்பூச்சுத் தேவையில்லை. தேவையற்ற சுவரிற் பூசினால் அது மினுங்கும் படலமாகி, மேலே வரும் வர்ணத்தைப் பிடிக்க விடாது. இந்தச் சோதனைகளுக்கு ஐந்து நிமிடமும் ஆகாது.

மிகப் பழைய கட்டடங்களின் உட்கூரையில் இன்னொரு பொறி உண்டு. முற்காலத்தில் பசையிற் கரைத்துப் பூசிய சுண்ணத்தூள் வர்ணம் அங்கே இருக்கக்கூடும். ஈரக் கையாற் தேய்த்தால் அது கரைந்து வரும். அதன்மேல் இக்கால வர்ணத்தைப் பூசினால், மறுநாட் காலையில் அப்பளம்போற் சுருண்டு கீழே விழும். அதனை நீராற் கழுவி முற்றாக நீக்குவதைத் தவிர வேறு வழியில்லை.

எமது வீடுகளுக்கே உரிய தொல்லைகள் இரண்டு. ஒன்று குசினிச் சுவர். தாளிக்கும்போது பறக்கும் எண்ணெய் ஆவி அடுப்புக்கு மேலே மட்டுமன்றி, எதிர்ச் சுவரிலும் உட்கூரையிலும் கண்ணுக்குத் தெரியாத படலமாகப் படிந்துவிடுகின்றது. எண்ணெய் உள்ள இடத்தில் வர்ணம் பிடியாது, குழி குழியாக விலகி நிற்கும். எண்ணெய் நீக்கும் கழுவுதூளை வெந்நீரிற் கரைத்து, கையுறை அணிந்து, கீழிருந்து மேலாகக் கழுவி, பின்னர் வெறும் நீரால் இருமுறை துடைத்தல் வேண்டும். மேலிருந்து தொடங்கினால் வழியும் அழுக்குநீர் காய்ந்த சுவரிற் கோடாகப் பதிந்துவிடும்.

மற்றது சாமியறை. தனி அறை இல்லாதவர்களும் அலுமாரித் தட்டிலோ மூலையிலோ சாமிப் படங்களை வைத்து, விளக்கேற்றி, சாம்பிராணி காட்டுகின்றோம். அதற்கு மேலுள்ள சுவரிற் படியும் புகைக்கரியும், குசினியின் மஞ்சட் கறையும், சிகரெற் பழுப்பும் ஒரே விதமாக நடந்துகொள்கின்றன. நீர் கலந்த வர்ணம் அவற்றின்மீது பட்டதும் கறை நீரிற் கரைந்து, வர்ணம் காயும்போது நீரோடு சேர்ந்து மேலே ஏறி வந்துவிடுகின்றது. நான்கு பூச்சுப் பூசினாலும் நான்காவதிலும் வந்து நிற்கும். 2016இல் நாம் கண்டது இதுவே. இதற்கென்று கறையைத் தடுத்து நிறுத்தும் தனி வர்ணம் விற்கப்படுகின்றது. 'இசோலியர்ஃபார்ப' என்று கேட்டால் எடுத்துத் தருவர். விலை சாதாரண வர்ணத்தைவிடக் கூடுதல்; ஆனால் முழு வீட்டுக்கும் அது தேவையில்லை. கறை உள்ள சுவரைக் கழுவி, காயவிட்டு, அதன்மீது இதனைப் பூசி, டப்பாவிற் குறித்த நேரம் முழுவதும் காத்திருந்து, பின்னரே வழமையான வெள்ளையைப் பூச வேண்டும். சிலவகை கடும் வாசனை உடையவை. அவ்வாறாயின் யன்னல்களைத் திறந்து வைத்து, குழந்தைகளை அன்று உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிடுதல் நன்று.

யன்னல் மூலையிலோ அலுமாரிக்குப் பின்னாலோ கறுப்புப் பூஞ்சணம் இருந்தால் அதனை வர்ணத்தால் மூடுவது கறையை மறைப்பதாகாது. ஈரம் வரும் காரணம் இருக்கும்வரை அது திரும்பி வரும். கண்டவுடன் உரிமையாளருக்கு எழுத்தில் அறிவித்துவிடுங்கள்.

ஆணித் துளைகளையும் வெடிப்புகளையும் நிரப்புவதில் எம்மவர் அவசரம் காட்டுவர். வெண்பசையை ஒரே முறையில் மேடாக அப்பிவிட்டுப் பின்னர் தேய்ப்பர். அது காயும்போது சுருங்கி நடுவிற் குழியும். மெல்லியதாக இருமுறை, அகன்ற தகட்டினால் சுவரோடு சுவராக இழுத்து நிரப்பினால் தேய்க்கும் வேலையே குறைந்துவிடும். காய்ந்த பின்னர் 120ஆம் இலக்க அரத்தாளாலும், மழமழப்பான சுவராயின் பின்னர் 180ஆம் இலக்கத்தாலும் தேய்க்கலாம். கைவிளக்கு ஒன்றைச் சுவரோடு ஒட்டப் பிடித்து ஒளியைச் சாய்வாக விழவிட்டால் மேடுபள்ளங்கள் அப்போதே தெரிந்துவிடும். நிரப்பிய இடம் சுற்றுச்சுவரைவிட அதிகமாக உறிஞ்சும். அவ்விடத்துக்கு மட்டும் அடிப்பூச்சு ஒரு தடவை கொடுக்காவிட்டால், மேலே எத்தனை முறை பூசினாலும் அது தனித் திட்டாகவே தெரியும். சுவரும் கதவு நிலையும் சேரும் இடைவெளிகளுக்கு அக்றில் பசையே உகந்தது. சிலிக்கோன் மீது வர்ணம் பிடியாது.

தேய்ப்பது பற்றி ஓர் எச்சரிக்கை. ஜேர்மனியில் அஸ்பெஸ்ரஸ் முற்றாகத் தடைசெய்யப்பட்டது 1993ஆம் ஆண்டில். அதற்கு முற்பட்ட கட்டடங்களின் பழைய சுவர்ப்பூச்சிலும் நிரப்பு பசையிலும் அது கலந்திருக்கக்கூடும். நீங்களே இட்ட புதிய பசையைத் தேய்ப்பதில் அந்த ஆபத்து இல்லை. பழைய சுவரை இயந்திரத்தாற் தேய்க்கவோ சுரண்டவோ முற்படுமுன் உரிமையாளரிடம் எழுத்திற் கேட்டுக்கொள்ளுங்கள்.

வாளியும் உருளையும்

அங்காடியில் வாளியின் முகப்பிலுள்ள பெரிய எழுத்துகளை நம்ப வேண்டாம். பக்கத்திற் சிறிய எழுத்தில் இரண்டு தரவகுப்புகள் அச்சிடப்பட்டிருக்கும். ஒன்று மறைக்கும் ஆற்றல். 1 முதல் 4 வரை. முதலாம் வகுப்பு, கீழுள்ள நிறத்தை நூற்றுக்கு 99.5 பங்குக்குக் குறையாமல் மறைக்கும். மற்றது ஈரத் துணியாற் தேய்ப்பதைத் தாங்கும் ஆற்றல். 1 முதல் 5 வரை. இதிலும் முதலாம் வகுப்பே உறுதியானது. நடைபாதைக்கும் குழந்தைகளின் அறைக்கும் ஒன்றோ இரண்டோ இருத்தல் வேண்டும். உட்கூரைக்கு மூன்றாம் வகுப்புப் போதும். இங்கே ஒரு நுட்பம் உண்டு. மறைக்கும் ஆற்றலின் வகுப்பு, ஒரு லீற்றர் எத்தனை சதுர மீற்றருக்கு என்ற கணக்கோடு சேர்ந்தே செல்லுபடியாகும். ஒரு லீற்றர் 7 சதுர மீற்றருக்கு முதலாம் வகுப்பு என்பதும், 5 சதுர மீற்றருக்கு முதலாம் வகுப்பு என்பதும் ஒன்றல்ல. மலிந்த வாளி பலவேளைகளில் இரண்டாவது வகை. மூன்று பூச்சுக் கேட்கும்.

தேவையான அளவை முன்கூட்டியே கணக்கிடலாம். 5 மீற்றர் நீளமும் 4 மீற்றர் அகலமும் 2.5 மீற்றர் உயரமும் உள்ள அறையின் நான்கு சுவர்களும் 45 சதுர மீற்றர். கதவுக்கும் யன்னலுக்கும் நான்கைக் கழித்தால் 41, உட்கூரை 20, ஆக 61. லீற்றருக்கு 7 வீதம் ஒரு பூச்சுக்கு ஒன்பது லீற்றருக்குச் சற்றுக் குறைவு. இரண்டு பூச்சுக்குப் பத்து லீற்றர் வாளி இரண்டு. நிறம் கலந்த வர்ணமாயின் இரண்டு வாளிகளையும் ஒன்றாகக் கலந்து பின்னர் பூசத் தொடங்குங்கள். நடுச்சுவரில் வாளி மாறினால் நிறமும் இலேசாக மாறும்.

முற்றிலும் மங்கலான வர்ணம் குறைகளை மறைக்கும். மினுங்கும் வர்ணம் அவற்றைப் பறைசாற்றும். எமது மக்கள் மினுக்கத்தை விரும்புகின்றனர் என்பதை அறிவோம். ஆயின் கண்ணாடிபோல் மழமழப்பாக்கப்பட்ட சுவருக்கே அது பொருந்தும். இந்நாட்டுத் தொழிலாளர் சுவர்ப்பலகைகளின் மழமழப்பை கியூ 1 முதல் கியூ 4 வரை தரம் பிரிக்கின்றனர். வாடகை வீடுகளில் நான்காம் தரத்தை நாம் கண்டதேயில்லை.

இங்குள்ள பல வீடுகளில் நாம் பூசுவது சுவருக்கும் அல்ல, கடதாசிக்கு. மரத்துகள் பதித்த 'றவ்பாசர்' என்னும் சுவர்க்கடதாசியை 1864ஆம் ஆண்டில் உருவாக்கியவர் ஹூகோ எர்ஃபுர்ற் என்னும் மருந்தாளர். முதலிற் கடைகளின் காட்சி யன்னல்களை அலங்கரிக்கப் பயன்பட்ட அக்கடதாசி, 1920களிலேயே வீட்டுச் சுவருக்கு ஏறியது. அதன் சொரசொரப்பு சிறு குறைகளை மறைத்துவிடும் என்பதே அதன் பெருமை. எனினும் அதன் துகள்களுக்கிடையே வர்ணம் இறங்க வேண்டுமாயின் ஏறத்தாழ 18 முதல் 20 மில்லிமீற்றர் நீள மயிருள்ள உருளை தேவை. மழமழப்பான சுவருக்கு 10 முதல் 13 மில்லிமீற்றர் போதும். புதிய உருளையைப் பூசுமுன் கழுவி, உதறி, ஒட்டு நாடாவால் உதிரும் மயிரை எடுத்துவிட வேண்டும். ஈரத்தில் கடதாசி ஆங்காங்கே பொருமினால் உடனே கத்தியை எடுக்காதீர்கள். பெரும்பாலும் காயும்போது தானாகவே படிந்துவிடும்.

உருளை ஓடும் முறை

தரையையும் மின்செருகிகளையும் மூடி, மின்னை நிறுத்தி, குளிர்காலமாயின் வெப்பமூட்டியை ஒரு மணி நேரம் முன்னதாகவே அணைத்து, பூசும்போது யன்னல்களையும் சாத்திவிட வேண்டும். காற்றும் வெப்பமும் வர்ணத்தை விரைவிற் காயச் செய்யும். காற்றோட்டம் பூசி முடித்த பின்னரே வேண்டும். அதேவேளை சுவர் குளிர்ந்து 8 பாகைக்குக் கீழே போகவும் விடக்கூடாது.

முதலில் உட்கூரை, பின்னர் சுவர். உட்கூரையை யன்னலிலிருந்து தொடங்கி, ஒளி விழும் திசையிலேயே அறையின் உட்புறம் நோக்கிப் பூசிச் செல்ல வேண்டும். குறுக்காகப் பூசினால் ஒவ்வொரு இழுப்பின் விளிம்பும் சிறு நிழலை எறியும்.

சுவருக்கு இருவர் வேண்டும். ஒருவர் தூரிகையால் மூலையையும் கதவோரத்தையும் வெட்டிச் செல்ல, மற்றவர் உடனே பின்தொடர்ந்து உருளையை ஓட்ட வேண்டும். முழு அறையின் ஓரங்களையும் முதலில் வெட்டிவிட்டுப் பின்னர் உருளையைத் தொடுவது எம்மவர் வழக்கம். அதற்குள் ஓரம் காய்ந்து, முடிவிற் சுவரைச் சுற்றிப் படச்சட்டம் போட்டதுபோல் தெரியும். கணவனும் மனைவியும் சேர்ந்து பூசிய சுவர் சீராக வருவதை நாம் பலமுறை கண்டிருக்கின்றோம். தனித்துப் பூசுபவர், உருளை ஓட்டும் அந்தத் துண்டின் ஓரத்தை மட்டும் அவ்வப்போது வெட்டிக்கொள்ளட்டும்.

உருளையை வாளிக்குள் முழுவதும் அமிழ்த்தாது, பாதி தோய்த்து, வாளியிற் தொங்கும் வலைத்தட்டிற் பலமுறை உருட்டினால் வர்ணம் எல்லாப் பக்கமும் ஒரேயளவாக ஏறும். சுவரில் ஏறத்தாழ ஒரு கை அகலத் துண்டை எடுத்து, மேலிருந்து கீழாக இரண்டு மூன்று இழுப்புகளில் வர்ணத்தை வைத்து, இடம் வலமாகப் பரப்பி, கடைசியாக அழுத்தமே இல்லாமல் மேலிருந்து கீழாக ஒரே திசையில் உருட்டிவிட வேண்டும். அடுத்த துண்டு முன்னைய துண்டின் ஈர விளிம்பைச் சற்று மேவித் தொடங்க வேண்டும். உருளை காய்ந்துவிட்டதென்று அழுத்தித் தேய்க்கும் கணத்திலேயே திட்டுத் தொடங்குகின்றது. "உருளை அழுதால் வாளிக்குப் போ" என்பார் முதியவர். ஒரு சுவரை மூலையிலிருந்து மூலைவரை முடிக்காமல் தேநீருக்கு இறங்கக்கூடாது. தொலைபேசி அடித்தாலும் எடுக்கக்கூடாது. எமது வீடுகளில் இவ்விரண்டாவது விதியே கடைப்பிடிக்கக் கடினமானது.

முதற்பூச்சுத் திட்டாகத் தெரிவது இயல்பு. அதனைப் பார்த்துக் கலங்கி உடனே மறுபடி பூசுபவரே அதிகம். ஓர் இரவு காயவிட்டு மறுநாட் பகல் வெளிச்சத்தில் இரண்டாம் பூச்சைப் பூசுங்கள். இடைவேளையில் உருளையைப் பிளாஸ்ரிக் பையில் இறுகக் கட்டி வைத்தால் கழுவத் தேவையில்லை. கடைசிப் பூச்சின் ஈரம் உலருமுன் ஒட்டு நாடாவைச் சாய்வாக இழுத்து எடுத்துவிட வேண்டும். காய்ந்த பின் எடுத்தால் வர்ணத்தின் தோலும் சேர்ந்து கிழியும்.

எல்லாம் முடிந்த பின்னர் ஓரிடத்திற் குறை தெரிந்தால், அவ்விடத்தை மட்டும் தூரிகையாற் தொடாதீர்கள். ஒரு சிறு திட்டு இரண்டு மடங்கு பெரிய திட்டாகும். அந்தச் சுவர் முழுவதையும் மூலையிலிருந்து மூலைவரை மீண்டும் ஒரு முறை பூசுவதே வழி.

கையளிக்கும் நாள்

குடிபுகும் நாளிலேயே ஒவ்வொரு சுவரையும் பகல் வெளிச்சத்திற் படம் எடுத்து, அன்றைய ஒப்படைப்புப் படிவத்தில் "பூசப்படவில்லை", "பழுப்பேறியுள்ளது" என்று எழுதுவித்து இருவரும் கையெழுத்திட வேண்டும். அந்தத் தாள் இல்லாமையாலேயே நாம் 2016இல் வாய்மூடி நின்றோம். வெளியேறுமுன் ஒப்பந்தத்தை உள்ளூர் வாடகைக் குடியிருப்பாளர் சங்கத்திற் காட்டுங்கள். குசினிக்கு மூன்று ஆண்டு, அறைக்கு ஐந்து ஆண்டு என்று சுவரின் நிலையைப் பாராது நாட்கணக்கை மட்டும் விதிக்கும் அச்சிட்ட வாசகங்கள் 2004ஆம் ஆண்டுத் தீர்ப்பின்படி செல்லாதவை. கடமையின்றிப் பூசியவர் அதற்கான ஈட்டைக் கேட்கலாம் என 2009இல் தீர்ப்பாகியுள்ளது. ஆனால் வாடகை ஒப்பந்தம் முடிந்த ஆறு மாதங்களுக்குள் கேட்க வேண்டும். நாம் அந்த ஆறு மாதம் கழிந்து நெடுநாட்களின் பின்னரே இதனை அறிந்தோம்.

பச்சை, நீலம், ரோசா நிறங்களிற் சுவர்களை வைத்திருப்போருக்கு ஒரு சொல். வாழும் காலத்தில் எந்த நிறமும் உங்கள் விருப்பம். வெள்ளையாகப் பெற்ற வீட்டைக் கடும் நிறத்துடன் திருப்பிக் கொடுத்தால் இழப்பீடு கேட்கலாம் என்று 2013இல் நீதிமன்றம் கூறியுள்ளது. சிவப்பையும் கடுநீலத்தையும் வெள்ளையால் மறைக்க முதலாம் வகுப்பு வர்ணத்திலும் இரண்டு பூச்சு, சிலவேளை மூன்று பூச்சு வேண்டும். அதற்கான நாட்களையும் ஒதுக்கி வையுங்கள்.

கையளிப்புக்கு மாலை நேரத்தை ஒத்துக்கொள்ளாது, முற்பகலைக் கேளுங்கள். அதற்கு முதல்நாள், வெயில் எந்நேரத்தில் எந்தச் சுவரில் சாய்ந்து விழுகின்றதோ அந்நேரத்தில் நீங்களே ஒரு முறை நடந்து பாருங்கள். மிஞ்சிய வர்ணத்தை மூடியுள்ள கண்ணாடிப் போத்தலில் ஊற்றி, அறையின் பெயரையும் வர்ணத்தின் பெயரையும் திகதியையும் ஒட்டிவைத்துவிட்டால், அடுத்த வீட்டில் மேசை உரசிய இடத்துக்கு அது உதவாவிட்டாலும், எந்த வர்ணத்தை வாங்கினோம் என்று தேடி அலைய வேண்டியதில்லை.